பொன்னாடைகளுக்கு நடுவே ஒரு மோகனம்

எங்கள் வயலின் ஆசிரியருக்குப் புளியந்தீவு மண்டபத்தில் பாராட்டு விழா. அவருடைய இசைக்குழுவில் கடைசி வரிசைக்காரியான எனக்கு அன்றுதான் முதன்முதலாகத் தனியே மோகனம் வாசிக்க இடம் கிடைத்திருந்தது. கட்டாரிலிருந்து அப்பா வீடியோ அழைப்பில் காத்திருந்தார்.

பொன்னாடை போர்த்தத் தொடங்கினார்கள். சங்கங்கள், கழகங்கள், பழைய மாணவர்கள், பழைய மாணவர்களின் சங்கங்கள். அவருடைய இசையைக் கேட்க ஆயுள் போதாது என்று ஆளாளுக்குப் பேசினார்கள்; கேட்பதற்கு மட்டும் யாரும் வழிவிடவில்லை. ஆசிரியர் சால்வைகளுக்குள் கழுத்துவரை மூழ்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சேர், என்ட மோகனம்?"

"மறுகா வாசிக்கலாம் மகள். இன்னும் கொஞ்சப் பேர்தான் கிடக்கு."

ஏற்புரையில், இக்காலத்தில் இசை கேட்க ஒருவருக்கும் பொறுமையில்லை என்று நெடுநேரம் வருந்தினார். அதோடு நேரம் முடிந்துவிட்டது. எல்லோருமாக மங்களம் வாசித்து எழுந்தோம்.

"எப்ப புள்ள உன்ட வாசிப்பு?" என்றார் அப்பா, கைபேசியில்.

மண்டப வாசற்படியில் உட்கார்ந்து அவருக்காகவே வாசிக்கத் தொடங்கினேன். சால்வை மூட்டையோடு வான் வண்டியில் ஏறிய ஆசிரியர் தலையை வெளியே நீட்டினார்.

"மேல் சட்ஜம் விலகுது மகள்!"

விலகித்தான் இருந்தது. அப்பாவிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, சுருதி சேர்த்து முதலிலிருந்து வாசித்தேன்.