மேருவுக்கு ஒரு பாக்கெட் மாவோடு போன கதை

சுற்றிப் பார்க்கப் போனேன் என்று ஆரம்பித்தால் அது பொய். கிள்ளானுக்கும் அதைத் தாண்டி மேருவுக்கும் போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் போனதற்கு ஒரே காரணம் பொறாமை. ஒரு மனிதரின் ரொட்டி மேல் பொறாமை. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

திருச்சியிலிருந்து நாங்கள் மலேசியாவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை வீடு. எனக்குப் பக்கத்திலேயே பங்சாரில் அலுவலகம். மனைவி தேன்மொழிக்கு மேருவில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு வேலை, காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வீட்டில் சோறு, குழம்பு எல்லாம் அவள் கை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, சப்பாத்தி. கல்யாணமான புதிதில் ஒருநாள் போட்டுக் கொடுத்தேன், "நீங்க போட்டா நான் பத்து கூட சாப்பிடுவேன்" என்றாள். அன்றிலிருந்து அது என் இலாகா. அவள் மதிய டப்பாவில் தினமும் என் சப்பாத்தி மூன்று போகும், டப்பா காலியாக வரும்.

அந்தச் சனிக்கிழமைக்கு ஆறு வாரம் முன்னால் டப்பா காலியாக வருவது நின்றது. சப்பாத்தி போன மாதிரியே திரும்பி வந்தது. கேட்டால், "குணா அண்ணன் ரொட்டி கொண்டு வந்தார்ங்க, அதைச் சாப்பிட்டேன்."

குணா அண்ணன் அவள் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். அவருக்கு சுகர் வந்தபோது இவள்தான் ஆலோசனை சொல்லியிருக்கிறாள்: "அரிசியைக் குறைங்கண்ணே, கோதுமை மாவுல ரொட்டி போட்டுச் சாப்பிடுங்க." மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பரங்கிக்காயை வேகவைத்து மாவில் போட்டுப் பிசைந்து, தினமும் காலையில் ரொட்டி போட ஆரம்பித்துவிட்டார். யோசனை சொன்ன தங்கச்சிக்கு நன்றிக்கடனாக இரண்டு ரொட்டி தினமும் வரும். இவளும் வீட்டுக்கு வந்து வர்ணிப்பாள். "அதே கோதுமை மாவுதான்ங்க. ஆனா பஞ்சு! மத்தியானம் வரைக்கும் பஞ்சு!"

அதே கோதுமை மாவு. இந்த மூன்று வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

செய்முறை கேட்டு வாங்கினேன். இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்துக் குரல் செய்தி அனுப்பினார். "ஈசி தம்பி. கோதுமை மாவு ரெண்டு கப்பு, வெந்த பரங்கிக்காய் ஒரு கப்பு, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் எண்ணெய். ஊற வைக்கவெல்லாம் வேணாம் லா. கையால தட்டி கல்லுல போடுங்க, முடிஞ்சது." போட்டேன். தோல் செருப்பு வந்தது. மறுநாள் போட்டேன், மறுபடியும் செருப்பு, இந்த முறை இடது கால். தேன்மொழி ஒரு விள்ளல் எடுத்து மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். "பரவால்லங்க" என்றாள். அந்தப் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அப்போதுதான் அவரே, "சனிக்கிழமை ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டார். நேரில் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று உடனே சரி சொன்னேன். என் பங்குக்கு ஒரு ஹாட்பேக்கில் என் சப்பாத்தி, பையில் நான் எப்போதும் வாங்கும், நம் ஊரிலிருந்து வரும் கோதுமை மாவு ஒரு கிலோ பாக்கெட். "மாவு எதுக்குங்க?" என்றாள். "வெறுங்கையோட போகக் கூடாது" என்றேன்.

இனி பயண விவரம். கேஎல் சென்ட்ரலுக்கு எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம். கீழ்த்தளத்தில் கம்யூட்டர் ரயில், போர்ட் கிள்ளான் என்று போட்டிருக்கும் வண்டியில் ஏற வேண்டும். சுமார் ஒரு மணி நேரம், டிக்கெட் ஐந்து ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். வார இறுதியில் வண்டிகளுக்கு இடையே இடைவெளி அதிகம், அதனால் அட்டவணை பார்க்காமல் கிளம்பாதீர்கள். நடுவில் பெண்களுக்கு மட்டும் தனிப் பெட்டி உண்டு, ஆண்கள் தெரியாமல் ஏறி அசடு வழிய வேண்டாம். அந்தப் பெட்டியின் அருமை தேன்மொழிக்கு அன்றுதான் தெரிந்தது. "சோடா உப்பு போடறாரோ? தயிர்? இல்ல பாலா?" என்று நான் கேட்டுக்கொண்டே வந்ததில், சுபாங் ஜெயா வரும்போது எழுந்தாள். "நீங்க யோசிச்சிட்டு வாங்க, நான் அங்க உட்காந்துக்கிறேன்." போய்விட்டாள். மாவு பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியாக ஷா ஆலாமைக் கடந்தேன்.

கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து சிறிது தூரம் நடந்தால் லிட்டில் இந்தியா. பூக்கடை, புடவைக்கடை, நகைக்கடை, பலகாரக்கடை எல்லாம் ஒரே தெருவில். பத்து மணிக்கே பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. நேரம் இருப்பவர்கள் அரை நாள் ஒதுக்கலாம். எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. தேன்மொழி மல்லிகைச் சரமும் முறுக்கும் வாங்கினாள். அங்கிருந்து மேருவுக்குப் பேருந்தும் உண்டு. நாங்கள் கிராப் டாக்சி போட்டோம், பதினைந்து ரிங்கிட், லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து அரை மணி நேரம். ஓட்டியவர் உள்ளூர்த் தமிழ் அங்கிள். என் மடியைப் பார்த்தார்.

"என்ன தம்பி, மாவா?"

"ஆமா அங்கிள்."

"மேருல கடையே இல்லன்னு சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு வீடு வரைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

குணா அண்ணன் வாசலில் நின்றார். நல்ல உயரம், முறுக்கு மீசை, அதற்குக் கீழே ஒரு சிரிப்பு. வெறுக்க நினைத்துப் போனவனுக்கு அந்தச் சிரிப்பு பெரிய இடைஞ்சல். "வாங்க தம்பி, வாங்க! தங்கச்சி உங்களப் பத்தி நெறய சொல்லியிருக்கு." என்ன சொன்னாள் என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் மனைவி பரிமளம் அக்கா தண்ணீர் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "இனிப்புநீர் எறங்கவே மாட்டேங்குதுமா. சோத்தத் தொடறதில்ல, சீனி இல்ல, மூணு வேளையும் நீ சொன்ன ரொட்டிதான். கிளினிக்ல போய்ப் பார்த்தா ரீடிங் ஏறித்தான் நிக்குது." இங்கே சுகர் வியாதியை இனிப்புநீர் என்பார்கள்.

"அதெல்லாம் எறங்கும் லா" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் அடுப்பைப் பற்றவைத்தார். நான் அவர் முழங்கை ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். பரங்கிக்காய் மசியல், வெங்காயம், மிளகாய், உப்பு. இதுவரை திருட்டு எதுவும் இல்லை. அலமாரியைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் கிண்ணத்தில் கொட்டினார்.

வெள்ளைவெளேர் என்று விழுந்தது.

"அண்ணே, இது மைதா!"

நான் கத்தியதில் பரிமளம் அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அண்ணன் குழம்பிப் போய் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். "மைதாவா? கோதுமை மாவு தம்பி. பாருங்க, தெப்போங் கண்டும்னு போட்டிருக்கு. மலாய்ல தெப்போங்னா மாவு, கண்டும்னா கோதுமை."

"அப்ப இது?" என்று என் பாக்கெட்டை எடுத்து மேடையில் வைத்தேன்.

"அது ஆட்டா. ஆட்டான்னு கேட்டாத்தான் கடையில அதக் குடுப்பான்."

விஷயம் இதுதான். திருச்சியில் கோதுமை மாவு என்றால் தவிட்டோடு அரைத்த பழுப்பு மாவு. இங்கே பல வீடுகளில் கோதுமை மாவு என்றால் வெள்ளை மாவு, நம்முடைய மைதா. தேன்மொழி திருச்சித் தமிழில் சொன்னாள், அவர் மேருத் தமிழில் கேட்டுக்கொண்டார். பரங்கிக்காயின் மஞ்சள் நிறம் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு ஆனந்தம் என்று சொன்னால் நீங்கள் என்னை மதிக்கமாட்டீர்கள். பஞ்சாம் பஞ்சு! மைதாவில் யார் போட்டாலும் பஞ்சுதான். வெற்றியோடு தேன்மொழியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் செத்துப் போயிருந்தது.

"நான்தானேண்ணே சொன்னேன். இத்தன நாளா உங்களுக்கு மைதாவைத் தின்னச் சொல்லிக் கொடுத்திருக்கேன்." அழுதுவிடுவாள் போலிருந்தது. ஆறு வாரம் காத்திருந்து ஜெயித்தவனுக்கு அரை நிமிடம்கூடக் கொண்டாட நேரம் கிடைக்கவில்லை.

"அட, அழாத தங்கச்சி. உனக்கென்ன தெரியும், எனக்கென்ன தெரியும்? பாவம் அந்த டாக்டர், மாத்திரைய மாத்தி மாத்திக் குடுத்தாரு" என்று சிரித்தார் அண்ணன். பரிமளம் அக்கா சிரிக்கவில்லை. வெள்ளை மாவு பாக்கெட்டை அப்படியே தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "அடுத்த தடவ கிளினிக்ல நானே பேசறேன்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். குணா அண்ணன் என் பாக்கெட்டைப் பிரித்து வேறொரு கிண்ணத்தில் கொட்டினார். பழுப்பு மாவை விரலால் அளைந்து பார்த்தார், முகர்ந்தார், "இது தண்ணி நெறைய கேக்கும் போல" என்று மீதி மசியலோடு பரங்கிக்காய் வெந்த சுடுதண்ணீரையே ஊற்றிக் கரண்டியால் கிளறினார். வீட்டில் நான் ஊற்றியது பச்சைத்தண்ணீர், அதுவும் கொஞ்சமாக. கையில் ஒட்டுகிற பதத்தில், எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் தாளில் தட்டி, சூடான கல்லில் கவிழ்த்து, தாளை உரித்தெடுத்து, மூடி போட்டார். திருப்பிப் போட்டு ஒரு சொட்டு எண்ணெய். மாவில் கை வைத்து ரொட்டி தட்டுக்கு வர கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பஞ்சு.

என் மாவில், என் கண் முன்னால், முதல் தடவையிலேயே! தேன்மொழி சாப்பிட்டுவிட்டு கண்ணை மூடினாள். நானும் சாப்பிட்டேன். என்னத்தைச் சொல்ல, தேங்காய்ச் சட்னியோடு மூன்று சாப்பிட்டேன். என் ஹாட்பேக்கைத் திறக்கவே இல்லை. திரும்பும்போது தேன்மொழி பெண்கள் பெட்டிக்குப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "பாவம்ங்க அண்ணன்" என்று பாடாங் ஜாவா ஸ்டேஷனிலிருந்து பந்தாய் டாலாம் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். யாரும் என்னைப் பாவம் என்று சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள், மதியம் கிள்ளானில் வெயில் மண்டையைப் பிளக்கும். மேருவில் பார்க்க ஒன்றும் இல்லை, யாராவது ரொட்டிக்குக் கூப்பிட்டால் மட்டும் போங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் மளிகைக் கடையில் "ஆட்டா" என்றே கேளுங்கள். கோதுமை மாவு என்று கேட்டு வெள்ளையாக வந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவர் கேட்டதைத்தான் கொடுத்தார். சுகர் உள்ளவர்கள் என் கதையை நம்பாமல் டாக்டரிடம் பாக்கெட்டையே கொண்டுபோய்க் காட்டுங்கள். ரொட்டிக்குச் சுடுதண்ணீர், தாராளமாக. இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் அந்தச் சனிக்கு அடுத்த திங்கட்கிழமை தேன்மொழியின் டப்பா காலியாக வந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சாப்ட்டியா?" என்றேன்.

"இல்லங்க, குணா அண்ணன் எடுத்துக்கிட்டார். ஆட்டாதானேன்னு மூணையும் அவரே சாப்ட்டுட்டார்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தார். தம்பி இவ்ளோ மெல்லிசா எப்படித் தேய்க்கறாருன்னு கேட்டார். வீட்டுக்குப் போன் போட்டு, சப்பாத்திக் கட்டை எங்க இருக்குன்னு அக்காகிட்ட விசாரிச்சார். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் யார்கிட்டயும் சரியாப் பேசல. மொகமே நல்லால்லங்க."

அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு வாரமாகக் கண்ணாடியில் அதைத்தான் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வழக்கத்தைவிட முன்னதாக எழுந்து, ஆறு சப்பாத்தி, இன்னும் மெல்லிசாகத் தேய்த்தேன்.