பிச்சையம்மாள் காலுக்குள் போன கம்பி

வாலிநோக்கம் உப்பளத்தில் இரும்புக்கு மரியாதை கிடையாது. கதவுக் கொண்டி, சைக்கிள் மட்கார்டு, எதுவானாலும் உப்புக்காற்று அரித்துத் தின்றுவிடும். பாத்தியில் விளைந்த உப்பை வாருவதே மரப்பலகையில்தான். அங்கேயே பாதி ஆயுளைக் கழித்த பிச்சையம்மாளிடம் போய், காலுக்குள் கம்பி வைக்கப் போகிறோம் என்றால் சும்மா விடுவாளா?

உப்பு ஏற்றிய டிராக்டர் வரப்பில் சாய்ந்ததில் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் சஃபா பொறுமையாக விளக்கினார். தகடு வைத்துத் திருகாணி முடுக்கலாம். ஆனால் உப்பில் வெடித்த தோல், நீளமாகக் கிழித்தால் புண் ஆறச் சுணங்கும். வெளியே சட்டம் மாட்டலாம். அதன் கம்பிகள் தோலைத் துளைத்து நிற்பதால், கழற்றும்வரை உப்புத் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. எலும்பின் நடுக்குழிக்குள் நீளக் கம்பியைச் செலுத்தினால் சின்னக் கீறல் போதும், காலைச் சீக்கிரம் ஊன்றலாம். மண்டியிடும்போது முட்டி கொஞ்சம் வலிக்கக்கூடும்.

பிச்சையம்மாள் வெளிச்சட்டம்தான் வேண்டும் என்றாள். கண்ணுக்குத் தெரிந்தால்தானே துருவேறும்போது எண்ணெய் போட முடியும்? உள்ளே வைக்கும் கம்பி துருப்பிடிக்காத உலோகம் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லியும் அவள் நம்பவில்லை. புருஷன் சின்னக்கருப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"எதப் போட்டா இந்த வருசமே பாத்தியில இறங்கலாம், டாக்டரம்மா?" என்று கேட்டாள் பிச்சையம்மாள்.

"உள்ள வைக்கிற கம்பிதான். எலும்பு நல்லாக் கூடிருச்சுன்னா, சீசன் முடியுமுன்ன இறங்கலாம்."

"அப்ப அதையே வைங்க. துருப்பிடிக்கிறப்ப பாத்துக்கிறேன்."

துருப்பிடிக்கும் என்று முழுசாக நம்பிக்கொண்டேதான் ஆபரேஷனுக்குப் படுத்தாள். அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது! வெள்ளைவெளேரென்று பூத்துக் கிடக்கும் பாத்தி மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம். வீட்டில் உட்கார்ந்திருந்தால் கிறுக்குப் பிடித்துவிடும் அவளுக்கு.

எலும்பு கூடியது. டாக்டர் சரியென்றதும் பாத்தியில் இறங்கினாள். அன்று சாயங்காலம் காலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவளிடம், சின்னக்கருப்பன் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தான். குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானாக மொண்டு குடிக்காத மனுஷன், அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் சிரித்த அதே ஆள்தான்.

பிச்சையம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"ஏய்யா, கம்பி எலும்புக்குள்ளதான கெடக்கு. மேல தேச்சா எப்படிப் போய்ச் சேரும்?"

"சேர்ற மட்டும் சேரட்டும் புள்ள," என்று சொல்லிவிட்டு, அவன் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.