குடிக்காத வீட்டின் கல்லீரல்

பெண் பார்க்கப் போன அன்று என் மனைவி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். வாலாஜாபாத்தில் அவர்கள் வீட்டுப் பின்பக்கம், துணி காயப்போட்ட கொடியருகே நின்றுகொண்டு கேட்டாள்.

"குடிப்பீங்களா?"

இல்லை என்றேன்.

"எப்பனா ஒரு தபா?"

ஒருபோதும் இல்லை என்றேன். "அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டாள். சம்பளம், ஷிப்டு, வாடகை வீடா சொந்த வீடா என்பதையெல்லாம் அவளுடைய தம்பிதான் பிறகு விசாரித்தான். அது தை மாதம். அவளுடைய அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. குடியால் கல்லீரல் கெட்டு, வயிறு ஊதி, கண் மஞ்சளாகிக் கிடந்த மனிதரைக் கடைசிவரை தூக்கி உட்கார வைத்ததும் துடைத்துவிட்டதும் அவள்தான். அவள் கேள்வியின் கனம் எனக்கு அன்றைக்கே தெரியும்.

கொரோனாவுக்குப் பிறகு ஆலைகள் மறுபடி மூன்று ஷிப்டுக்கும் திரும்பிய காலத்தில்தான் அந்தக் கேள்வி இரண்டாம் முறை எழுந்தது. ஒரகடத்தில் நான் வேலை செய்யும் உதிரிபாகக் கம்பெனியில் ஆடி மாதம் மருத்துவப் பரிசோதனை நடக்கும். அந்த ஆடியில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வயிற்று ஸ்கேனையும் சேர்த்திருந்தார்கள். எனக்கு ஃபேட்டி லிவர், கிரேடு இரண்டு என்று வந்தது. கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்த மிஷினில் நிற்பவன் சனிக்கிழமை தவறாமல் குடிப்பவன். அவனுடைய ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். கேன்டீனில் அதை என் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தான்.

"சரக்கு அடிக்கிறது நானு, லிவர் போறது உனுக்கா? இன்னா நியாயம்ணே இது!"

"உன்னுது அடுத்த வருசம் போவும், அவசரப்படாத" என்றேன். மேஜையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் அப்படி நடக்கவில்லை.

அவள் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தாள். அதில் இருந்த மற்ற ஆங்கிலச் சொற்கள் அவளுக்கு முக்கியமாகப் படவில்லை. எங்கள் பக்கத்தில் லிவர் என்று யாராவது சொன்னால் அது குடிகாரனைப் பற்றிய பேச்சுதான். மற்றவர்களுக்கு அப்படி ஓர் உறுப்பு இருப்பதாகவே யாரும் பேசுவதில்லை.

"எங்கப்பாவுக்கும் மொதல்ல இப்டித்தான் எழுதிக் குடுத்தாங்க."

"குடிக்காதவங்களுக்கும் வரும்மா. நான் படிச்சிருக்கேன்."

"நீ படிக்காதது இன்னா கீது? ஓ.டி., ஓ.டி.ன்னு சொல்லிட்டு எங்க போற நீ?"

கோபம் வந்தால்தான் அவளுக்கு 'நீங்க' 'நீ' ஆகும். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளுடைய தம்பி பைக்கில் வந்து இறங்கினான்.

"மாமா, தப்பா எடுத்துக்காத. உங்க கம்பெனி பஸ் நிக்கிற எடத்துக்கு எதிர்த்தாப்புல ஒயின்ஷாப்பு கீதா இல்லியா?"

"கீது. பக்கத்துல மெடிக்கல் ஷாப்பும் கீது. நான் தெனம் மாத்திரையா வாங்கித் துன்றேன்?"

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. தம்பி இருக்கும்போதே சொன்னாள்: "அப்பாவுக்குச் செஞ்சத இன்னொரு தபா என்னால செய்ய முடியாது. அரைப்பரிச்ச லீவு வுட்டதும் புள்ளைங்கள இட்டுகினு அம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அங்கயே ஸ்கூல்ல சேத்துக்குறேன்." அவள் வெறும் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை.

அதன் பிறகு நான் நைட் ஷிப்டு முடிந்து மண்ணூரில் இறங்கி வீட்டுக்கு வரும் காலைகளில், வாசலிலேயே நின்று பையை வாங்குவாள். வாங்கும்போது முகத்தருகே வந்து மூச்சை இழுப்பாள். பிறகு உள்ளே போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். கல்யாணமான நாளிலிருந்து நைட் ஷிப்டு வாரங்களில் அதுதான் வழக்கம். சண்டைக் காலத்திலும் அது நிற்கவில்லை. தனியாகச் சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாது என்பது அவளுடைய நம்பிக்கை. சாப்பிட்டதும் நான் படுத்துவிடுவேன்.

ஆவணியில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவளும் உடன் வந்தாள், எனக்கு உதவியாக அல்ல. நைட் ஷிப்டு நாளில் என்னென்ன சாப்பிடுவீர்கள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். மதியம் எழுந்ததும் சோறு, சாயங்காலம் பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட டீயும், பஸ் ஏறுவதற்கு முன் சப்பாத்தி, நடு ஷிப்டில் கேன்டீன் சாப்பாடு, காலையில் வீட்டுத் தோசை. டாக்டர் என் எடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

"இவரு எதயோ மறைக்கிறாரு டாக்டர்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. ஷிப்டு முடியும் முன் கேன்டீனில் டிபன் போடுவார்கள். மற்ற நாட்களில் இட்லி, உப்புமா. வெள்ளிக்கிழமை நெய்ப் பொங்கல், வடை. சம்பளத்தில் பிடித்துக்கொள்கிற சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிற ஆள் எங்கள் லைனில் கிடையாது. நானும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். வீட்டில் ஒருத்தி எனக்காகச் சாப்பிடாமல் காத்திருக்கும்போது, நான் சாப்பிட்டாயிற்று என்று சொல்ல முதல் நைட் ஷிப்டு வாரத்திலேயே வாய் வரவில்லை. பிறகு அது சொல்ல முடியாத விஷயமாகவே ஆகிவிட்டது.

டாக்டர் தன் பங்குக்குச் சொன்னார். சர்க்கரையையும் மைதாவையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைக்க வேண்டும். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் பருப்பும் வைக்க வேண்டும். தினமும் வேர்க்க நடக்க வேண்டும். லிவருக்கு நல்லது என்று யாராவது தரும் பொடியையோ சூரணத்தையோ கேட்காமல் வாங்கிச் சாப்பிடக் கூடாது. மதுவைத் தொடவே கூடாது என்றபோது என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் சொன்னதை அவள் அப்படியே செய்கிறவள். மறுநாளே சர்க்கரை டப்பா மேல் தட்டுக்குப் போனது. அவரைக்காயும் கீரையும் பாதித் தட்டை அடைத்தன. நான் ஏரிக்கரையில் நடந்தேன். புரட்டாசி போய் ஐப்பசி வந்தும் என் எடை அசையவில்லை. அவள் கண்ணில் அதற்கும் ஒரே அர்த்தம்தான். பரண் மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள்.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம் அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஸ்கேன் எடுத்த பெண் டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்:

"கல்லு இல்லம்மா, கேஸ் வலியா இருக்கும். ஆனா லிவர்ல கொழுப்பு இருக்கு. கிரேடு ஒண்ணு."

"எனக்கா? டாக்டர், நான் குடிக்க மாட்டேனே!"

"நீங்க குடிக்கிறீங்கன்னு யாரும்மா சொன்னா? சாப்பாட்டப் பாருங்க."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். இரண்டு பஸ் போயிற்று, அவள் ஏறவில்லை. கடைசியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"காலைல ரெண்டு தபா துன்னா வருமா இது?"

"யாரு ரெண்டு தபா துன்னது?"

"நான்தான். புள்ளைங்க ஸ்கூலுக்குக் கெளம்பும்போது அதுங்களோட ஒரு தபா துன்னுடுவேன். பசிக்கும் இல்ல? அப்புறம் நீ தனியா துன்னுவியேன்னு கூட உக்காருவேன்."

"எத்தினி நாளா?"

"பெரியவன் ஸ்கூலு சேந்ததுலருந்து."

அப்போது என்னுடையதையும் சொன்னேன். கேன்டீன், இட்லி, உப்புமா, வெள்ளிக்கிழமைப் பொங்கல்.

"வயிறு ரொம்பிப் போயா நான் சுட்டத துன்ன?"

"நாலு தோசை."

"நாலா? அஞ்சு வச்சேன்!" என்றவள், அங்கேயே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதான் நீங்க மறைச்சதா? வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற ஒண்ணும் இல்ல."

'நீங்க' திரும்பி வந்திருந்ததை நான் கவனித்தேன். அடுத்த பஸ்ஸில் ஏறினோம். அரைப் பரீட்சை லீவில் பிள்ளைகள் வாலாஜாபாத்துக்குப் போய், லீவு முடிந்ததும் திரும்பி வந்தார்கள்.

இப்போது கேன்டீன் டிபன் எனக்கில்லை. அவள் பிள்ளைகளோடு சாப்பிட்டுவிடுகிறாள். நான் வந்து இரண்டு இட்லி சாப்பிடும்போது எதிரே மோர் டம்ளரோடு உட்காருகிறாள். தனியாகச் சாப்பிடுவது பற்றிய அவள் நம்பிக்கைக்கு அது போதுமாக இருக்கிறது. சாப்பிட்டதும் படுக்க விடுவதில்லை, ஏரிக்கரைக்குத் துரத்துகிறாள். மறு ஆடியில் எனக்குக் கிரேடு ஒன்று என்று வந்தது. அவளுக்கு வெளியே எடுத்த ஸ்கேனில் கொழுப்பு இல்லை.

வாசலில் பையை வாங்கும்போது மூச்சை இழுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. போன வாரமும் இழுத்தாள். நின்று இன்னொரு முறை இழுத்தாள்.

"மொளகு வாசன வருது. நெய்யும் வருது."

அன்று வெள்ளிக்கிழமை.

"ஒரே ஒரு கரண்டி" என்றேன்.

இட்லியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, எனக்கும் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள்.