வால் வெட்டிய காளான்

துபாயில் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை பார்த்தபோது, பெயரில்லாத எதுவும் ஊருக்குள் நுழைய முடியாது. மனிதனுக்கு விசா, காளானுக்கு அறிவியல் பெயர். அந்தக் கண்டிப்பை இப்போது ஏக்கத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

காயல்பட்டினத்துக்காரர் சுலைமான் கராமா பகுதியில் காய்கறிக் கடை வைத்திருந்தார். உகாண்டாவிலிருந்து முதன்முறையாகக் காட்டுக் காளான் தருவித்திருந்தார். சரக்கு விற்க அனுமதியில்லாமல் அவருடைய குளிரறையிலேயே ஹோல்டில் கிடந்தது. இன்னதென்று நான் எழுதித் தராவிட்டால் அத்தனையும் அழிக்கப்படும். டிஎன்ஏ முடிவு வர ஒரு வாரம் ஆகும்; காளான் அதுவரை தாங்காது.

போய்ப் பார்த்தேன். கல்யாண மாப்பிள்ளைகள் மாதிரி பளபளவென்று அடுக்கியிருந்தார்.

"அடியில வால் மாதிரி நீளமா இருந்திருக்குமே, பாய்?"

"அது மண்ணோட அசிங்கமா தொங்கிச்சு சார். ஆபீசர் வர்றீங்கன்னு ரூம்ல கூடத் தங்கியிருக்கிற ஆளுங்களைக் கூட்டியாந்து, எல்லாத்தையும் வெட்டிக் கழுவிட்டோம்."

"பாஸ்போர்ட்டைக் கிழிச்சிட்டு, பவுடர் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறீங்க."

நான் சந்தேகித்தது டெர்மிட்டோமைசிஸ்; கரையான் புற்றில் முளைக்கும், சாப்பிடக்கூடிய காளான். அதன் தண்டு வேர்போல நீண்டு, மண்ணுக்குள் கரையான் கூடுவரை இறங்கும். அந்த வால்தான் முக்கிய அடையாளம்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அரபி கலந்து பதில் வந்தது: "உஸ்தாத், நேம் மாஃபி, ரிலீஸ் மாஃபி. நாளைக்கு லுஹர் வரைக்கும் டைம். கலாஸ்." பெயர் இல்லையென்றால் விடுவிப்பும் இல்லை; நண்பகல் தொழுகை வரை கெடு, அவ்வளவுதான்.

ஒரு காளானின் குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் காலையில் அதன் விதை போன்ற ஸ்போர்கள் இளஞ்சிவப்புத் தூளாகப் படிந்திருந்தன. தூள் பச்சை நிறமாக இருந்தால் விஷக் காளான் என்று அப்போதே முடித்திருப்பேன். இளஞ்சிவப்பிலும் விஷமுள்ளவை உண்டு. மைக்ரோஸ்கோப்பில் அவற்றின் ஸ்போர்கள் கோணல்மாணலாகத் தெரியும். இவை வழவழப்பான முட்டை வடிவம். இனி உறுதிசெய்யத் தேவைப்பட்டது வால் மட்டும்.

"வெட்டினதை எங்க போட்டீங்க, பாய்?"

"பின்னாடி டிரம்ல. வண்டி இன்னும் வரல."

இருவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குப்பையில் இறங்கினோம். எடுத்த வால்களைத் தண்டுகளோடு ஒவ்வொன்றாக ஒட்டவைத்துப் பார்த்தோம். ஒன்று, கத்தி சாய்ந்த கோணம் முதற்கொண்டு, அப்படியே பொருந்தியது. நுனியில் கரையான் கூட்டின் துணுக்கு. சுலைமான் டிரம் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

'டெர்மிட்டோமைசிஸ், சிற்றினம் உறுதிசெய்யப்படவில்லை' என்று எழுதினேன். தெரிந்த அளவுக்கு மேல் ஒரு சொல் எழுதியதில்லை. மேலதிகாரி முகம் சுளித்துக் கையெழுத்துப் போட்டார்; சரக்கு ரிலீஸ் ஆனது.

இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மாதிரி எடுக்கப் போகுமுன், நமக்காக எதையும் சுத்தம் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் சுலைமானுக்குச் சொன்னேன். அடுத்த சரக்கு வாலோடு மட்டுமல்ல, கட்டி கட்டியாக மண்ணோடும் வந்தது. மண்ணுக்குத் தனி அனுமதி வேண்டும். அது வேறு துறை.

"மண்ணைத் தட்டியிருக்கலாமே, பாய்?"

"எடை குறைஞ்சிரும் சார்."