பராமரிப்பாளர் பெயர்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த வாரத்திலேயே நான் கணினியில் ஒரு பட்டியல் தொடங்கினேன். செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். எதையும் எழுதி வைத்தால்தான் அது என் கைக்குள் இருப்பதாகத் தோன்றும். தேதி, செலவு, யாருக்கு, எவ்வளவு, குறிப்பு என்று ஐந்து பத்திகள். மருந்து, பெரியவர்களுக்கான டயப்பர், சிரம்பான் மருத்துவமனைக்குப் போன டாக்சி எல்லாம் ஏறின. அப்பா இல்லை. நான் ஒரே பிள்ளை.

பட்டியலில் அதிகம் வந்த பெயர் அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண்ணுடையது. இந்தோனேசியாவின் லோம்போக்கிலிருந்து மலேசியாவுக்கு வந்தவர். லாபுவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்பனைத் தோட்டத்தில் அவர் கணவர் குலை வெட்டினார். இருவரும் தோட்டத்துக் கொங்சியில், வரிசையாகப் பலகை அடித்த தொழிலாளர் வீட்டில், இருந்தார்கள். நான் அவரைக் காக் என்று கூப்பிடுவேன், மலாயில் அக்கா. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வருவார், திரும்பிய பிறகு போவார். அம்மாவைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மரத்துப்போன இடது கையை மடக்கி நீட்டுவது எல்லாம் அவர்தான்.

அம்மாவின் வாய் கோணிப்போன பிறகு அவர் பேசுவதில் பாதி எனக்கே புரியாது. காக்குக்குப் புரியும். அவர் மலாயில் தொடங்குவார், அம்மாவிடம் கற்ற தமிழில் முடிப்பார். அம்மாவை மாக் என்பார், மலாயில் அம்மா.

"கைய மடக்கு, மாக்."

"மடக்குறேன். கங்காணி மாதிரி தலமாட்டுல நிக்காத."

"மாக் மாலாஸ். சோம்பேறி."

"யாருடி சோம்பேறி? உன் வயசுல நான் ரப்பர் தோட்டத்துல விடியறதுக்குள்ள ஒரு மலையே பால்மரம் வெட்டுனவ."

"அப்ப இந்த ஒரு கை மடக்கு."

அம்மா சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி ஜெபம் செய்வார். அது முடியும்வரை காக் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுத் தலை குனிந்து காத்திருப்பார். சில நாள் அம்மா வேண்டுமென்றே நீட்டி ஜெபிப்பார். "மாக், சோறு ஆறிடுச்சி. கடவுளுக்குக் கேட்டிருக்கும்" என்பார் காக்.

அதுவரை வருமான வரிப் படிவத்தை நானே இணையத்தில் நிரப்பி வந்தேன். சம்பளம் மட்டும்தான், ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். அந்த ஆண்டு அம்மாவின் செலவுகளில் எதைக் கழிக்கலாம், எதைக் கூடாது என்று எனக்குத் தெரியவில்லை. தப்பாக நிரப்பிவிடுவேனோ என்ற பயத்தில், உடன் வேலை செய்யும் ஒருத்தி சொன்ன வரி முகவரிடம் போனேன். சிரம்பானில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய அலுவலகம். ஐம்பது வயது இருக்கும். என் பட்டியலைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னாமா இது? எல்லாரும் ரசீத பிளாஸ்டிக் பையில அள்ளிட்டு வருவாங்க. பாதி மீன் கடை ரசீதா இருக்கும். நீங்க என்னடான்னா கலர் போட்டு வச்சிருக்கீங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை.

"இந்தப் பார்த்துக்கிறவங்களுக்குக் குடுத்த சம்பளத்தையும் கழிக்கலாம்மா. அப்பா அம்மாவோட பராமரிப்பாளர் செலவுன்னு அதுக்கு எடம் இருக்கு."

"அதுக்கு அவங்க பேர் குடுக்கணுமா, சார்?"

"இப்ப வேணாம். தொகை மட்டும் போட்டா போதும். பின்னால கேட்டா பார்த்துக்கலாம்."

கையெழுத்துப் போட்டேன். தோட்ட வேலைக்கென்று எடுத்த காக்கின் பெர்மிட் காலாவதியானது எனக்குத் தெரியும். தோட்டத்தில் ஒப்பந்தக்காரர் மாறியபோது புதியவர் புதுப்பித்துத் தரவில்லை. தெரிந்தும் அந்த விஷயத்தையும் இந்தப் படிவத்தையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. என் மனதில் இரண்டும் வேறு வேறு கோப்புகளில் இருந்தன.

சில மாதங்கள் கழித்து வரி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. கழித்த செலவுகளுக்கு ஆதாரம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதை முகவருக்கு அனுப்பினேன். ஒரு வாரம் போனது. தொழிற்சாலை கேன்டீனில் இருந்தபோது அவர் போன் செய்தார்.

"எல்லாம் அனுப்பிட்டோம்மா. டென்ஷன் ஆவாதீங்க."

"எல்லாம்னா என்னென்ன, சார்?"

"ரசீது, ஆஸ்பத்திரி கடுதாசி, அப்புறம் உங்க ஷீட்டு. நம்ம ஆபீஸ் பொண்ணு முழு ஃபைலையும் அப்படியே ஏத்திவிட்டுச்சி. அவ்வளவு நீட்டா இருக்கறத எதுக்கு மறைக்கணும்?"

மதியச் சோற்றை மூடி வைத்தேன். பட்டியலில் காக்கின் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப் பெயர் இருந்தது. கைப்பேசி எண் இருந்தது. அவசரத்துக்குத் தேடிப் போகலாம் என்று கொங்சி வீட்டு எண்ணும் இருந்தது. குறிப்புப் பத்தியில் நானே எழுதியிருந்தேன்: பெர்மிட் முடிந்துவிட்டது, புதுப்பிக்க என்ன வழி என்று விசாரிக்க வேண்டும். அதை எழுதி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. விசாரிக்கவில்லை.

அன்று மாலையே முகவரிடம் போனேன்.

"அந்தச் செலவ எடுத்துடுங்க, சார். வித்தியாசத்தை நான் கட்டிடறேன்."

"எடுக்கலாம்மா. அதுல ஒன்னும் பிரச்சன இல்ல."

"அந்த ஷீட்ட?"

அவர் பேனாவை மேசையில் உருட்டினார். "அது போயிடுச்சில்ல."

"அவங்க இமிகிரேஷனுக்குச் சொல்வாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சி இல்ல. அவங்களுக்கு வரிதான் வேல. இருவது வருஷத்துல நான் அப்படிக் கேள்விப்பட்டதில்ல." பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "ஆனா நடக்கவே நடக்காதுன்னு எழுதிக் கேட்டீங்கன்னா, எழுதித் தர மாட்டேன்மா."

அவர் மேல் கோபப்பட முயன்றேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த அலுவலகப் பெண் அழுதேவிட்டாள். கோபம் எங்கும் ஒட்டவில்லை.

காக்கிடம் சொல்வதா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். சொல்லாமல் இருக்கக் காரணங்கள் நிறைய இருந்தன. எதுவும் நடக்காமல் போகலாம். முகவர் அனுபவசாலி. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் நிற்கத் தொடங்கியிருந்தார். இப்படி யோசித்ததில் எல்லாக் காரணங்களும் எனக்கு வசதியானவை என்று தெரிந்தது. சொல்ல ஒரே ஒரு காரணம்தான். அதற்கு முந்தின வருடம் பக்கத்துத் தோட்டத்துக்கு இமிகிரேஷன் லாரி வந்தபோது, காக் ஓர் இரவு முழுக்கச் செம்பனை மரங்களுக்கு நடுவே ஈரத்தில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காய்ச்சலோடு வந்துதான் அம்மாவைக் குளிப்பாட்டினார். எப்போது ஓட வேண்டும் என்று தெரிவது அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. அதையும் நான் எடுத்துக்கொள்ள முடியாது.

சனிக்கிழமை சொன்னேன். காக் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் நடந்ததை வரிசையாகச் சொல்லி முடிக்கும்வரை சீப்பு நிற்கவில்லை.

"பேர் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு, காக்."

"வீடு நம்பர்?"

"இருக்கு."

"பெர்மிட் இல்ல, அதுவும்?"

"அதுவும் இருக்கு."

பெர்மிட் போனதிலிருந்து இந்த நாட்டில் எந்தக் காகிதத்திலும் அகப்படாமல் இருக்கப் பழகியவர் அவர். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ நல்ல பிள்ள" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அம்மாவின் பின்னலைக் கட்டிவிட்டு, சமையலறைக்குப் போய்க் கஞ்சி வைத்தார்.

திங்கள்கிழமை விடியுமுன் வந்தார். புதிய சட்டை போட்டிருந்தார். வாசலில் மோட்டாரை அணைக்காமல் கணவர் உட்கார்ந்திருந்தார். காக் உள்ளே போய் அம்மாவின் கையை ஒருமுறை மடக்கி நீட்டினார். அம்மா அரைத் தூக்கத்தில், "என்னாடி இவ்ளோ காலையில?" என்றார். "மாக் சோம்பேறி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அந்த மாதச் சம்பளத்தை நான் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டார்.

"எங்க போறீங்க, காக்? லிங்கி தோட்டத்துப் பக்கமா?"

சிரித்தார். "சொல்ல மாட்டேன். நீ எழுதிடுவ."

நானும் சிரித்தேன். மோட்டார் சந்து திரும்பும்வரை சிரித்தபடியே நின்றிருந்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு வரி இலாகாவிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பராமரிப்பாளர் செலவு நீக்கப்பட்டது, இவ்வளவு கட்ட வேண்டும் என்று மூன்றே வரிகள். கட்டினேன். எனக்குத் தெரிந்து இமிகிரேஷன் லாரி எதுவும் அந்தக் கொங்சிக்கு வரவில்லை. அவர் போயிருக்கவே வேண்டாமோ என்று சில நாள் தோன்றும். அதைச் சொல்லவும் அவர் எங்கே என்று தெரிய வேண்டும்.

விடுப்பெல்லாம் தீர்ந்த பிறகு அம்மாவைச் சிரம்பானில் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்தேன். சுத்தமான இடம். ஷிப்ட் முடிந்ததும் நேராக அங்கே போவேன். அம்மா இப்போது சுவரைப் பிடித்து நிற்பதில்லை. நான் ஊட்டினால் இரண்டு வாய், அதற்கு மேல் உதட்டை இறுக்கிக்கொள்வார்.

போன ஞாயிறு, "அவ எங்க?" என்று கேட்டார். இதை மட்டும் எனக்குப் புரியும்படி சொல்வார்.

"தெரியாதும்மா."

"நீதான் வெரட்டுன."

"இல்லம்மா. அவங்களாத்தான் போனாங்க."

"அப்ப போன் போடு."

அந்த எண் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், அம்மா கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன். நீங்கள் அழைத்த எண் சேவையில் இல்லை என்று மலாயில் ஒரு பெண்குரல் பதிவு. அம்மா நல்ல கையை நீட்டிப் போனை வாங்கி, வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

"எப்படி வரப்போற? மழ பெய்யுது. மழச்சட்டையப் போட்டுக்கிட்டு வா" என்றார்.

அந்தக் குரல் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கியது. அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனைத் திரும்ப வாங்கவில்லை.