கம்பனி கேட்காத மாப்பு

அந்தக் கடிதத்தை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. கடிதத்தை மட்டுமா? அதை வாசித்த என் வாயையும்தான்.

மூதூரில் நான் ஆங்கில ரியூஷன் வாத்தியார். துறைமுகத்துக்கு வந்த கப்பலொன்று கழிவு எண்ணெயைக் குடாவில் ஊற்றிவிட்டது. கரையெல்லாம் கறுப்புப் பிசின். என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான், அவனுடைய புது வலை முழுக்க அதில் ஊறிப்போனது. கிட்டப்போய் முகர்ந்தேன், சீ, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இருந்த ஒரே வலை அது; அது இல்லாமல் அவனுக்குத் தொழில் இல்லை. மீனவர் சங்கத்து ஆட்களோடு சேர்ந்து முறைப்பாடு கொடுத்தான்.

கப்பல் கம்பனியிடமிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. சங்கக் கட்டடத்தில் அத்தனை பேர் முன்னால் என்னை வாசிக்கச் சொன்னார்கள். அகராதி இல்லாமல் மடமடவென்று தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். பெரிய துரை என்ற நினைப்பு! நடந்ததற்குக் கம்பனி ‘ரிக்ரெட்’ பண்ணுகிறது என்று எழுதியிருந்தது. நான், “மாப்புக் கேக்கிறாங்க” என்றேன்.

ரிக்ரெட் என்றால் கவலைப்படுவது. மழை வந்து ஆட்டம் நின்றாலும் ரிக்ரெட் பண்ணலாம். யார் பிழை என்ற பேச்சே அதில் இல்லை. மாப்புக் கேட்பது, அதாவது மன்னிப்புக் கேட்பது, ஆங்கிலத்தில் அப்போலஜைஸ்; அது, செய்தது நான், பிழை என்னுடையது என்று தலை குனிவது. இதை வருசா வருசம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். த்தூ!

எங்கள் ஊரில் ஒருவன் மாப்புக் கேட்டுவிட்டால் கொடுத்தே ஆகவேண்டும். பிறகு அதைக் கிளறுவது மானக்கேடு. மச்சான்தான் முதலில் எழும்பினான்.

“மாப்புக் கேட்டுட்டாங்க எண்டா உடுங்க. வலைக்கு என்னமும் செய்து தருவாங்கதானே.”

இனிக் கிளறமாட்டோம் என்று எழுதிக் கொடுத்து, முறைப்பாட்டை அன்றே திருப்பி எடுத்தார்கள்.

பிறகு வலையைப் பற்றிக் கேட்கப் போன மச்சானிடம், தமிழ் தெரிந்த கம்பனி அதிகாரி அதே கடிதத்தைக் காட்டினாராம். “நாங்கள் கவலைதான் தெரிவித்தோம். பிழையை எங்கே ஒப்புக்கொண்டோம்?” என்றாராம். வெள்ளைச் சட்டை, மினுங்குகிற சப்பாத்து, ஊத்தை வேலை! அந்த வேலைக்குக் கை கொடுத்தவன் நான்.

அன்று பின்னேரமே மச்சான் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வலையைத் துண்டு துண்டாக வெட்டி எரிக்கக் குவித்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்குமுன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“மச்சான், நீங்க மாப்புக் கேட்டா நான் தராம இருக்க ஏலாது. அதால கேக்காதீங்க.”