ஒன்பதாம் நம்பர் ரப்பர் செருப்பு

“முகத்தை அத்தை பார்த்துக்குவா. நீ காலை மட்டும் பாரு” என்று அப்பா சொல்லி அனுப்பினார். எனக்கு அப்போது எட்டு வயது. தன் தங்கைக்கு வரன் பார்க்கும் பொறுப்பில் பாதியை அன்றைக்கு அவர் என் தலையில் கட்டிவிட்டார்.

அப்பா பாண்டி பஜாரில் ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளர். நாள் முழுக்க முக்காலியில் உட்கார்ந்து ஊரார் காலைப் பார்ப்பவர் என்பதால், வீட்டுக்கு வந்தாலும் அவர் பார்வை முழங்காலுக்கு மேல் ஏறாது. வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே யார் வந்திருக்கிறார்கள், எத்தனாம் நம்பர், எந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறவர்கள் என்று சொல்லிவிடுவார். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. குணத்தையும் சேர்த்துச் சொல்வார். கூர்மூக்கு ஷூ போட்டால் ஜம்பம். ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மிதித்துச் செருப்பாக்கியிருந்தால் சோம்பேறி. ரப்பர் செருப்போடு பெண் பார்க்க வந்தால் மனிதர்களை மதிக்கத் தெரியாதவன். அத்தையைப் பார்க்க வந்த மூன்று பேரில் இரண்டு பேர் இப்படி வாசலிலேயே தோற்றுப்போனார்கள். மூன்றாமவருக்கு அத்தையைப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் போட்டு வந்த ஷூவை அப்பா ஒரு மாதம் புகழ்ந்துகொண்டிருந்தார்.

“கழுத்துக்கு மேலயும் ஒரு தடவை பாருங்களேன்” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அத்தைக்கு இருபத்தெட்டு வயது. மவுண்ட் ரோடில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். நான்காவது வரன் வந்தபோது, இனிமேல் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு யார் முன்னாலும் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முதலில் நானே பேசிப் பார்க்கிறேன், பிடித்தால் வீட்டுக்கு வரட்டும், இதுவும் தட்டிப்போனால் கல்யாணப் பேச்சையே எடுக்காதீர்கள் என்றாள். அத்தை சொன்னால் சொன்னதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பா இறங்கி வந்தார். அபிராமபுரத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணி, துணைக்கு நான் என்று முடிவாயிற்று. கடையிலிருந்து அத்தைக்கென்று மெரூன் நிறத்தில், பித்தளைக் கொக்கி வைத்த புதுச் செருப்பு ஒன்றையும் அப்பா கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவுக்கு அப்படி ஒன்று அவர் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மே மாதம். நாங்கள் போனபோது அந்த நான்காவது வரன் கோயில் வாசலில் அரசமர நிழலில் நின்றிருந்தார். தரமணியில் ஒரு பாலிடெக்னிக்கில் வேலை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. என்னைப் பார்த்து, “வாங்க. நீங்க எந்தக் கிளாஸ் படிக்கிறீங்க?” என்றார். என்னை அதுவரை உலகத்தில் ஒருவரும் ‘நீங்க’ என்று கூப்பிட்டதில்லை. மூன்றாம் வகுப்பு என்று சொல்லிவிட்டு, கடமை தவறாமல் கண்ணை இறக்கினேன். நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. அதிலும் இடது வார் அறுந்து, அடியில் ஊக்கு குத்தியிருந்தது.

வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. சொல்லாமலிருக்க அப்பா விடமாட்டார். பொய் சொன்னால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

இதொன்றும் தெரியாமல் அவர்கள் இருவரும் பிரகாரத்தில் உட்கார்ந்து பேசினார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விட மாட்டேன் என்று அத்தை எடுத்த எடுப்பில் சொன்னாள்.

“விடாதீங்க. நான் சமைச்சா உப்பு கொஞ்சம் கூடிடும். ஆபீஸ் போய்ட்டு வந்த பசியில சாப்பிட்டாத்தான் தெரியாது” என்றார் அவர்.

அத்தை சிரித்தாள். வீட்டில் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். அன்று கை மடியிலேயே இருந்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அதனால் பயமும் இரண்டு பங்காயிற்று.

வெளியே வந்தால் அத்தையின் புதுச் செருப்பைக் காணோம். நீல ரப்பர் செருப்பு மட்டும் போட்ட இடத்தில் பத்திரமாக இருந்தது, பக்கத்தில் என் பழைய செருப்பும். அந்தக் கோயிலில் செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பூ விற்கிற அம்மாள் எழுந்து வந்தாள்.

“இன்னாம்மா தேடிக்கினு கீற? புச்சா? கோயிலுக்கு யாராச்சும் புச்சு போட்டுக்கினு வருவாங்களா? இந்த சாரைப் பாரு, வெவரமா ஊக்கு குத்தின செருப்புல வந்துகீறாரு.”

அவர் தலையைச் சொறிந்தார். “நல்ல செருப்பு வீட்ல இருக்குங்க. கோயில்னு சொன்னீங்களா, அதான் இதைப் போட்டுக்கிட்டு வந்தேன்.”

மயிலாப்பூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. செருப்பிலேயே ஊறிய எங்கள் வீட்டுக்கு மட்டும் தோன்றாமல் போயிற்று.

அண்ணன் ஆசையாகக் கொடுத்தது என்று அத்தைக்குக் கண் கலங்கியது. வெறுங்காலோடு நடந்துவிடுவேன் என்று தெருவில் ஓரடி வைத்தவள் உடனே காலை இழுத்துக்கொண்டாள். தார் அப்படிக் கொதித்தது. அவர் தன் செருப்பைக் கழற்றி அத்தையின் முன்னால் திருப்பி வைத்தார். அத்தை வேண்டாம் என்றாள், முடியாது என்றாள், கடைசியில் போட்டுக்கொண்டாள். அவள் கால் போக இன்னொரு காலுக்கும் அதில் இடமிருந்தது.

மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை வரைக்கும் அவர் கூடவே வந்தார், ஒரு மர நிழலிலிருந்து அடுத்த மர நிழலுக்குக் குதித்துக் குதித்து. நடுவில் எனக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கிறவரை கடைக்காரர் வாசலில் தெளித்திருந்த தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நின்றார்.

“உங்க செருப்பு?” என்றாள் அத்தை, பிரியும்போது.

“வீட்டுக்கு வரும்போது வாங்கிக்கறேன்.”

அத்தை வீடு வரைக்கும் செருப்பு சளப் சளப்பென்று அடிக்க நடந்தாள். வாசலில் அதைக் கழற்றிச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

அப்பா என்னைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார். “காலைப் பார்த்தியா?”

“பார்த்தேம்பா.”

“என்ன போட்டிருந்தார்?”

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். “எங்ககூட நடந்து வரும்போது கால்ல ஒண்ணுமே போடலைப்பா.”

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “பார்த்தீங்களா, கோயிலுக்குன்னு வெறுங்காலோட வந்திருக்கார். எவ்வளவு பக்தி!”

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். சுவரோரமாகக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“ரோடு சுட்டிருக்குமே?”

“ஆமாப்பா. குதிச்சுக் குதிச்சுத்தான் வந்தார்.”

அப்பா சத்தமாகச் சிரித்தார். அம்மாவிடம், “அவங்களை வீட்டுக்கு வரச் சொல்லி எழுதிடுவோம்” என்றார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மெரூன் செருப்பைப் பற்றி அப்பா அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அவருக்கு வயதாகிறது, மறதி என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு அப்போது முப்பத்தாறு.

ஆவணியில் கல்யாணம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில், காசிக்குச் சாமியாராகப் போகிறேன் என்று மாப்பிள்ளை கிளம்புவார். பெண் வீட்டார் மறித்துக் கூட்டிவர வேண்டும். அவருக்குக் குடையும் செருப்பும் கொடுப்பது எங்கள் பொறுப்பு. அந்தச் செருப்பின் அளவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பொருந்தாத செருப்பை இழுத்துக்கொண்டு தள்ளாடும் மாப்பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே சின்னப் பிள்ளைகள் வாசலில் கூடுவோம்.

அன்று சிரிக்க முடியவில்லை. அப்பா கடை அட்டைப்பெட்டியைத் திறந்து, தானே குனிந்து உட்கார்ந்து, புது லெதர் செருப்பை மாப்பிள்ளையின் கால்களில் மாட்டினார். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. மாப்பிள்ளை திகைத்துப்போய் அத்தையைப் பார்த்தார். அத்தை அப்பாவைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி நெளிந்தது, பிறகு மாலையோடு நின்றபடியே அழுதாள்.

நான் அப்பாவின் வேட்டியை இழுத்தேன். “அளவே எடுக்கலையே, எப்படிப்பா ஒன்பதாம் நம்பர்னு தெரிஞ்சது?”

“முகத்தைப் பார்த்தேன், தெரிஞ்சுபோச்சு” என்றார் அப்பா.

கோயிலுக்குப் போய்வந்த மறுநாள் வாசலிலிருந்து நீல ரப்பர் செருப்பு காணாமல் போனதும், அன்று காலை அப்பா கடைக்கு எடுத்துப்போன துணிப்பை புடைத்திருந்ததும் நான் கண்ணால் பார்த்தவைதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எட்டு வயது போதவில்லை. அப்பாவையே ஏமாற்றி ஒரு கல்யாணத்தை நடத்திவைத்துவிட்ட பெருமையில், பந்தியில் இரண்டாம் தடவையும் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.